வெளிநாட்டுச் சுற்றுலா: குடும்பத்துக்குப் பயணக் காப்பீடு தேவையா? முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

புது தில்லி: உறவினர் இல்லத் திருமணத்தில் கலந்துகொள்வதற்காக 2009-ஆம் ஆண்டில் இந்தியர் ஒருவர் அமெரிக்கா புறப்பட்டார். புறப்படும் முன் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டு, பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீடும் எடுத்திருந்தார். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தை அடைந்தபோது அவருக்கு உடல் சோர்ந்து வியர்த்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவருக்கு இதய ரத்தக் குழாய் அடைப்பு நீக்கப்பட்டு, மூன்று ஸ்டென்ட்டுகள் பொருத்தப்பட்டன.

உயிர் காப்பாற்றப்பட்டது. ஆனால், சிகிச்சைச் செலவை ஏற்கக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. நுகர்வோர் ஆணையத்திலும் அவருக்குத் தோல்வியே கிடைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2021 டிசம்பர் 6-ஆம் தேதிதான் அவருக்குச் சாதகமான தீர்ப்பு வெளியானது. சில நாள் பயணத்துக்காக எடுத்த பாலிசி, 12 ஆண்டுகாலப் போராட்டமாக மாறியது.

விடுமுறையில் குடும்பத்துடன் வெளிநாடு செல்லத் திட்டமிடுவோர் பலரும் எழுப்பும் கேள்விக்கு இந்த வழக்கிலேயே விடையின் இரு பகுதிகளும் உள்ளன. காப்பீடு இல்லாமல் அந்நிய நாட்டு மருத்துவமனையில் சேர நேர்ந்தால், அந்தச் செலவை ஒரு நடுத்தரக் குடும்பத்தால் தாங்க இயலாது. அதே சமயம், எந்தப் பாலிசியை எந்த விவரங்களைத் தெரிவித்து எடுத்தோம் என்பதைப் பொருத்தே அதன் பயன் அமையும்.

கட்டாயம் எங்கே?

சில நாடுகளுக்குச் செல்லும்போது இது குறித்துத் தனியாக முடிவெடுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட 29 ஐரோப்பிய நாடுகள் அடங்கிய ஷெங்கன் பகுதிக்குக் குறுகிய கால விசா பெற, பயண மருத்துவக் காப்பீடு கட்டாயமாகும். குறைந்தபட்சக் காப்பீட்டுத் தொகை 30,000 யூரோ. ஒரு யூரோவின் மதிப்பு ரூ.100 எனக் கொண்டால் இது ரூ.30 லட்சமாகும். அவசர சிகிச்சை, மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேருதல், மருத்துவக் காரணங்களுக்காகத் தாயகம் அழைத்துவரப்படுதல், உயிரிழப்பு ஆகியவை அந்தப் பாலிசியில் இடம்பெற வேண்டும். தங்கியிருக்கும் நாள்கள் முழுவதற்கும், ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் அது செல்லுபடியாக வேண்டும்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 30,000 யூரோ என்பது விசா பெறுவதற்கான குறைந்தபட்ச வரம்பு மட்டுமே. தூதரகம் ஏற்றுக்கொள்ளும் மிகக் குறைந்த விலைப் பாலிசியைத் தேடி வாங்குவோர், விசாவுக்குரிய ஆவணத்தைப் பெறுகிறார்களே தவிர, தங்கள் குடும்பத்துக்கு ஏற்ற பாதுகாப்பைப் பெறுகிறார்களா என்பதைப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவும் பிரிட்டனும் சுற்றுலா விசாவுக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை. ஆயினும், கட்டாயம் இல்லாத இடத்தில் ஆபத்தும் இல்லை என்று பொருள்கொள்ள முடியாது. சிகிச்சைச் செலவு மிகவும் கடுமையாக உள்ள அமெரிக்காவுக்குக் காப்பீட்டுச் சான்று இல்லாமலேயே விசா கிடைத்துவிடுகிறது.

உள்நாட்டுக் காப்பீடு கைகொடுக்குமா?

"ஏற்கெனவே குடும்ப மருத்துவக் காப்பீடு இருக்கிறதே" என்பது பலர் முன்வைக்கும் வாதம். இந்தியாவில் விற்கப்படும் வழக்கமான மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் பெரும்பாலானவை இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்தும். வெளிநாட்டுச் சிகிச்சையையும் உள்ளடக்கிய சில பாலிசிகள் உண்டு. அவற்றிலும், இந்தியாவில் கண்டறியப்பட்ட குறிப்பிட்ட நோய்களுக்குத் திட்டமிட்டு வெளிநாடு சென்று பெறும் சிகிச்சைக்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்கக்கூடும். எனவே, பாலிசி ஆவணத்தில் "புவியியல் எல்லை" என்ற பகுதியைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

ஆயுஷ்மான் பாரத் திட்டமும் நாட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். 70 வயதைக் கடந்த அனைவருக்கும் அத்திட்டம் 2024 அக்டோபரில் விரிவுபடுத்தப்பட்டது. ஆனால், அந்த அட்டையுடன் சிங்கப்பூர் செல்லும் முதியவருக்கு அங்கு அதனால் பயன் ஏதுமில்லை.

சில வங்கிகளின் கடன் அட்டைகளுடன் பயணக் காப்பீடு இலவசமாக வழங்கப்படுகிறது. விமானப் பயணச்சீட்டை அதே அட்டையில் வாங்கியிருக்க வேண்டும் என்பது இவற்றில் பொதுவாகக் காணப்படும் நிபந்தனை. பல அட்டைகளில் விபத்து மரணத்துக்கான தொகை பெரிதாகவும், மருத்துவச் செலவுக்கான தொகை சிறிதாகவும் இருக்கும். அல்லது மருத்துவச் செலவு இடம்பெறாமலேயே போகலாம். அட்டைதாரரின் மனைவி, குழந்தைகள், பெற்றோர் ஆகியோருக்கு அது பொருந்துமா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

மருத்துவமனைக் கட்டணம்: நாட்டுக்கு நாடு மாறும் நிலை

பயணக் காப்பீடு பயனுள்ளதா என்பதைத் தீர்மானிக்கும் முதன்மையான அம்சம் மருத்துவச் செலவே ஆகும். செல்லும் நாட்டைப் பொருத்து இதன் தன்மை மாறுபடுகிறது.

அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அவசர நிலையில் வரும் எவரையும் பணம் செலுத்தும் வசதி இல்லை என்ற காரணத்துக்காக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு திருப்பி அனுப்பக் கூடாது. நோயாளியைப் பரிசோதித்து, அவரது நிலையைச் சீராக்குவது மருத்துவமனையின் கடமை. எனினும், இச்சட்டம் சிகிச்சை கிடைப்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. கட்டணம் தள்ளுபடி ஆவதில்லை. சிகிச்சை முடிந்த பின்னர் அதற்கான பில் நோயாளியின் பெயருக்கு வந்து சேரும்.

பிரிட்டனில் மருத்துவம் இலவசம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அரசின் தேசிய சுகாதார சேவை மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைப் பிரிவில் அளிக்கப்படும் சிகிச்சைக்கு வெளிநாட்டவரிடமும் கட்டணம் பெறப்படுவதில்லை என்பது உண்மையே. ஆனால், அங்கிருந்து உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டால் நிலைமை மாறிவிடுகிறது. இங்கிலாந்தில் சுற்றுலாப் பயணிகளிடம் உள்நோயாளி சிகிச்சைக்கு, தேசிய சுகாதார சேவையின் வழக்கமான விலைப்பட்டியலில் 150 சதவீதம் வசூலிக்கப்படுகிறது. 500 பவுண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை இரண்டு மாதங்களுக்கு மேல் செலுத்தாமல் விட்டால், அந்த விவரம் பிரிட்டன் உள்துறைக்குத் தெரிவிக்கப்படலாம். பின்னாளில் விசா கோரும்போது அது மறுப்புக்குக் காரணமாக அமையக்கூடும்.

சிங்கப்பூரின் அரசு மருத்துவமனைகளில் கட்டணச் சலுகைகள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை. சுற்றுலாப் பயணிகள் சலுகை ஏதுமின்றி முழுக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும்.

நோயாளியை அவசர ஊர்தி விமானத்தில் மருத்துவக் குழுவுடன் தாயகம் கொண்டுவருவதும், உயிரிழப்பு நேர்ந்தால் உடலைக் கொண்டுவருவதும் தனிச் செலவுகளாகும். வெளிநாடுகளில் இன்னலுக்கு உள்ளாகும் இந்தியர்களுக்கு உதவ, இந்தியத் தூதரகங்களில் 2009-ஆம் ஆண்டு முதல் இந்திய சமுதாய நல நிதி செயல்பட்டு வருகிறது. தகுதியுடையவர்களின் பொருளாதார நிலையை ஆராய்ந்தே அந்நிதியிலிருந்து உதவி வழங்கப்படுகிறது. சுற்றுலாப் பயணி ஒருவர் காப்பீட்டுக்கு மாற்றாக அதனை எண்ணியிருக்க இயலாது.

பை தொலைந்தால், விமானம் தாமதமானால்?

பயணக் காப்பீட்டு விளம்பரங்களில் அதிகம் இடம்பெறுபவை பை தொலைவதும் விமானத் தாமதமும்தான். இவ்விரண்டிலும் காப்பீடு இல்லாமலேயே பயணிகளுக்குச் சில உரிமைகள் உள்ளன.

சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையை இந்தியா 2009-இல் ஏற்றது. பதிவுசெய்யப்பட்ட பை தொலைந்தாலோ, சேதமடைந்தாலோ, தாமதமாக வந்தாலோ விமான நிறுவனம் இழப்பீடு வழங்க வேண்டும் என்று அது கூறுகிறது. சர்வதேச நிதியத்தின் எஸ்டிஆர் அலகில் கணக்கிடப்படும் இந்த இழப்பீட்டின் உச்சவரம்பு, உடன்படிக்கையின் கீழ் 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் ஆக உயர்த்தப்பட்டுள்ளது. இது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலருக்குச் சமம்.

இந்த உரிமையைப் பெறுவதற்குக் காலக்கெடு உண்டு. பை சேதமடைந்திருந்தால் அதனைப் பெற்ற 7 நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் கைக்குக் கிடைத்த 21 நாள்களுக்குள்ளும் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவனத்தின் முகப்பில் பை குறித்த புகார் அறிக்கையைப் பெற்றுக்கொள்வது நல்லது. காப்பீட்டு நிறுவனமும் அந்த அறிக்கையையே முதலில் கேட்கும்.

ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையங்களிலிருந்து புறப்படும் விமானங்கள் ரத்தானாலோ நீண்ட நேரம் தாமதமானாலோ, தூரத்தைப் பொருத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கோர அங்குள்ள சட்டம் வழிசெய்கிறது. மோசமான வானிலை போன்ற அசாதாரணச் சூழல்களில் இந்தத் தொகை கிடைக்காது. ஆனாலும், உணவு, தங்குமிடம் ஆகியவற்றை விமான நிறுவனம் வழங்க வேண்டும்.

ஆகவே, பை, தாமதம் ஆகியவற்றுக்கான தொகையை மட்டும் ஒப்பிட்டுப் பாலிசியைத் தேர்ந்தெடுப்பது சரியான அணுகுமுறை ஆகாது. பை தொலைவது மனவருத்தம் தரும் என்றாலும், ஒரு குடும்பத்தின் சேமிப்பை அது அழித்துவிடாது.

பயணம் ரத்தானால் பணம் கிடைக்குமா?

பயண ரத்துக்கான காப்பீடு குறித்தே தவறான எதிர்பார்ப்புகள் மிகுதியாக உள்ளன. பாலிசியில் பட்டியலிடப்பட்ட காரணங்களுக்காகப் பயணம் கைவிடப்பட்டால் மட்டுமே இழப்பீடு கிடைக்கும். பயணியின் அல்லது நெருங்கிய உறவினரின் மரணம், மருத்துவமனையில் சேர நேரிடும் கடுமையான நோய் ஆகியவை பொதுவாக ஏற்கப்படும் காரணங்கள். அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை, மனம் மாறிவிட்டது போன்றவை பொதுவாக ஏற்கப்படுவதில்லை. விசா மறுக்கப்படுவதும் பல பாலிசிகளில் இடம்பெறாது. சில நிறுவனங்கள் கூடுதல் பிரீமியம் பெற்றுக்கொண்டு அதற்குப் பாதுகாப்பு அளிக்கின்றன.

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் விமான சேவையை நிறுத்தியபோது, முன்பதிவு செய்த ஏராளமான பயணிகள் பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் தவித்தனர். விமான நிறுவனம் நொடிந்துபோவதால் ஏற்படும் இழப்பு பல பாலிசிகளில் விலக்கப்பட்டுள்ளது. போர், உள்நாட்டுக் கலவரம் ஆகியவற்றால் ஏற்படும் இழப்பும் அவ்வாறே. செல்லவிருக்கும் பகுதியில் பதற்றம் நிலவுவது செய்தியான பின்னர் வாங்கப்படும் பாலிசி, அந்தப் பதற்றத்தால் விளையும் ரத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தி, திரும்பப் பெற இயலாத விடுதி அறைகளையும் பயணச்சீட்டுகளையும் வாங்கியிருப்போருக்கு இந்தப் பிரிவு பயனளிக்கும். கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியுடன் முன்பதிவு செய்தவர்களுக்கு இதன் தேவை குறைவு.

படிவத்தில் எழுதும் பதிலே அடித்தளம்

காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீட்டை மறுப்பதற்குக் கூறும் முக்கியக் காரணங்களில் ஒன்று, ஏற்கெனவே இருந்த நோய் மறைக்கப்பட்டது என்பதாகும். தொடக்கத்தில் குறிப்பிடப்பட்ட வழக்கிலும் அதுவே நிகழ்ந்தது.

அந்தப் பயணி தமக்கு நீரிழிவு நோய் இருப்பதைப் படிவத்தில் தெரிவித்திருந்தார். ஆனால், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரை உட்கொண்டதைத் தெரிவிக்கவில்லை என்று கூறி நிறுவனம் பணம் தர மறுத்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகவும் அந்த மாத்திரை வழங்கப்படுகிறது என்பதைக் கருத்தில் கொண்ட உச்ச நீதிமன்றம், அதனை உண்மையை மறைத்த செயலாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. பயணியின் உடல்நிலையை அறிந்து, மதிப்பிட்டு, பாலிசியை வழங்கிய பின்னர், அவர் தெரிவித்த அதே நோயைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இயலாது என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சிகிச்சைச் செலவை வட்டியுடன் வழங்கவும் உத்தரவிட்டது.

இதற்கு மாறான தீர்ப்பும் உண்டு. நாள்பட்ட நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் இருந்ததைத் தெரிவிக்காமல் பெறப்பட்ட ஒரு மருத்துவக் காப்பீட்டில், இழப்பீட்டை மறுத்த நிறுவனத்தின் முடிவை உச்ச நீதிமன்றம் 2009-ஆம் ஆண்டில் சரியென ஏற்றது. காப்பீட்டு ஒப்பந்தம் இரு தரப்பினரின் முழுமையான நேர்மையை அடிப்படையாகக் கொண்டது என்பதே அதன் சாரம்.

இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். நீரிழிவைப் படிவத்தில் எழுதியிருந்ததே முதல் வழக்கில் பயணிக்குத் துணை நின்றது. இரண்டாவது வழக்கில் அத்தகைய துணை இல்லை.

முதிய பெற்றோருடன் பயணிக்கும் குடும்பங்கள் இதனைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் பலர், அவற்றை நோயாகவே கருதுவதில்லை. முகவரோ, இணையத்தில் படிவத்தை நிரப்பும் மகனோ மகளோ "நோய் ஏதுமில்லை" என்ற கட்டத்தைத் தேர்வு செய்துவிடுவதும் உண்டு. பிரீமியத்தில் சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்துவதற்காகச் செய்யப்படும் இந்தச் சிறு தவறு, பின்னர் பல லட்சம் ரூபாய் இழப்பீட்டை இழக்கச் செய்யும்.

நோயைத் தெரிவித்துவிட்டால் அதற்கான சிகிச்சை முழுவதற்கும் பணம் கிடைத்துவிடும் என்றும் கருதக் கூடாது. ஏற்கெனவே உள்ள நோயால் உயிருக்கு ஆபத்து நேரும் அவசர நிலையில் மட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட வரம்பு வரை செலவை ஏற்கும் பாலிசிகள் பல உள்ளன. முதியோருக்கான பாலிசிகள் சிலவற்றில், ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனி உச்சவரம்பு விதிக்கப்பட்டிருக்கும். அட்டையில் 1 லட்சம் டாலர் என அச்சிடப்பட்டிருந்தாலும், இதய நோய்க்கான வரம்பு அதில் சிறு பகுதியாகவே இருக்கலாம். பெற்றோருக்குப் பாலிசி வாங்கும்போது மொத்தத் தொகையைக் காட்டிலும் இந்த உள்வரம்புகளையே முதலில் படிக்க வேண்டும்.

விலக்குகளின் பட்டியல்

மது அருந்திய நிலையில் ஏற்படும் விபத்து, மகப்பேறு தொடர்பான சிகிச்சை, வழக்கமான உடல் பரிசோதனை ஆகியவை பொதுவாகப் பாலிசிகளில் இடம்பெறுவதில்லை. ஆழ்கடல் நீச்சல், பாராகிளைடிங், பனிச்சறுக்கு போன்ற சாகச விளையாட்டுகளும் பல பாலிசிகளில் விலக்கப்பட்டுள்ளன. தாய்லாந்து, பாலி போன்ற இடங்களில் வாடகைக்கு ஸ்கூட்டர் எடுப்போர், அந்நாட்டில் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இல்லாமல் விபத்தில் சிக்கினால் இழப்பீடு மறுக்கப்படலாம். பயணத் திட்டத்தில் இத்தகைய நிகழ்ச்சிகள் இருப்பின், அவற்றை உள்ளடக்கும் கூடுதல் பிரிவைக் கேட்டு வாங்குவது அவசியம்.

எங்கே, எப்போது வாங்குவது?

விமானப் பயணச்சீட்டு வாங்கும் இணையதளத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டத்தைத் தேர்வு செய்தாலே காப்பீடு கிடைத்துவிடும். பயணியின் வயது, உடல்நிலை குறித்து விரிவாகக் கேட்காமல் விற்கப்படும் இத்தகைய பாலிசிகளை, நிபந்தனைகளைப் படிக்காமல் நம்பியிருப்பது நல்லதல்ல. நுகர்வோரின் சம்மதமின்றிக் கூடுதல் பொருளையோ சேவையையோ கட்டணத்தில் சேர்ப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. அந்த நெறிமுறைகள் பட்டியலிடும் 13 வகை இணையவழி ஏமாற்று உத்திகளில் இதுவும் ஒன்றாகும்.

பெரும்பாலான இந்திய நிறுவனங்களின் பாலிசிகளை நாட்டை விட்டுப் புறப்படும் முன்பே வாங்க வேண்டும். பயண ரத்துக்கும் பாதுகாப்பு வேண்டுமெனில், முன்பதிவு செய்தவுடனேயே வாங்குவதே பயன் தரும். புறப்படும் நாளில் வாங்கினால் அதற்கு முந்தைய வாரங்களில் நேரும் நிகழ்வுகளுக்கு அது உதவாது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டாக, கணவன், மனைவி, இரண்டு பள்ளிக் குழந்தைகள், 67 வயதுப் பாட்டி என ஐவர் எட்டு நாள் சுற்றுலா செல்வதாகக் கொள்வோம். பயணத்தின் மொத்தச் செலவு ரூ.6 லட்சம் எனவும், ஐவருக்குமான பிரீமியம் ரூ.15,000 எனவும் வைத்துக்கொண்டால், காப்பீட்டுக்காகும் செலவு பயணச் செலவில் 2.5 சதவீதமாகும்.

இக்குடும்பத்தினர் ஒவ்வோர் இழப்பையும் தனித்தனியே எடைபோட்டுப் பார்க்கலாம். ஒரு பை தொலைந்தால் இழப்பு சில பத்தாயிரங்கள். அதில் ஒரு பகுதியை விமான நிறுவனத்திடம் கோரலாம். பயணமே ரத்தானால் இழப்பு அதிகபட்சம் ரூ.6 லட்சம். அது வலி தரும் இழப்புதான். ஆனால், அதன் எல்லை முன்கூட்டியே தெரியும். பாட்டிக்கு நெஞ்சுவலி வந்தாலோ, குழந்தைக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலோ ஏற்படும் செலவுக்கு அத்தகைய எல்லை இல்லை.

எட்டு நாள் பயணத்தில் இவை எதுவும் நிகழாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். அந்த வகையில், செலுத்திய பிரீமியம் திரும்பி வராத செலவாகவே பெரும்பாலும் முடியும். அதனை வீண் எனக் கருதுவோர், நிகழ்வதற்கான வாய்ப்பை மட்டும் கணக்கிடுகிறார்கள். நிகழ்ந்துவிட்டால் குடும்பத்தால் அதனைத் தாங்க இயலுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பிரீமியத்தைக் குறைக்க விரும்பினால், பை, தாமதம் போன்ற சிறு பிரிவுகளைக் கைவிடலாம். மருத்துவப் பிரிவில் சமரசம் செய்வது உகந்ததல்ல. ஐவருக்கும் ஒரே பாலிசி எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பெற்றோருக்கும் குழந்தைகளுக்கும் குடும்பப் பாலிசியும், பாட்டிக்கு அவரது உடல்நிலையை முழுமையாகத் தெரிவித்துத் தனிப் பாலிசியும் எடுப்பது பொருத்தமாக இருக்கும்.

அவசரம் நேர்ந்தால் செய்ய வேண்டியவை

மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், பாலிசியில் குறிப்பிடப்பட்டுள்ள 24 மணிநேர உதவி எண்ணை இயன்ற விரைவில் அழைக்க வேண்டும். உள்நோயாளி சிகிச்சைக்கான கட்டணத்தை நிறுவனமே நேரடியாகச் செலுத்துவதற்கு இந்த அழைப்பே முதல் படி. புறநோயாளி சிகிச்சைக்கு முதலில் சொந்தப் பணத்தைச் செலுத்தி, நாடு திரும்பிய பின் கோரிக்கை அளிப்பதே பொதுவான நடைமுறை. மருத்துவரின் குறிப்பு, பரிசோதனை முடிவுகள், பில், பணம் செலுத்திய ரசீது ஆகிய அனைத்தையும் பாதுகாக்க வேண்டும்.

கடவுச்சீட்டு தொலைந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் அளித்து அதன் நகலைப் பெற்று, இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். உடனடியாகத் தாயகம் திரும்ப அவசரச் சான்றிதழ் வழங்கப்படும். அது இந்தியாவுக்குத் திரும்பும் ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே செல்லும்.

பாலிசியின் நகலைக் குடும்பத்தில் ஒருவரது கைப்பேசியில் மட்டும் வைத்திருப்பது போதாது. அச்சிட்ட நகல் ஒன்றைப் பையிலும், மற்றொன்றை இந்தியாவில் உள்ள உறவினரிடமும் வைத்திருப்பது பாதுகாப்பானது. பாட்டி உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்ப் பட்டியலும் அதனுடன் இருக்கட்டும்.

இழப்பீடு மறுக்கப்பட்டால்?

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் "பீமா பரோசா" இணையதளத்திலும், 155255 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னை உள்பட நாட்டின் முக்கிய நகரங்களில் இந்த அலுவலகங்கள் செயல்படுகின்றன. ரூ.50 லட்சம் வரையிலான இழப்பீடு தொடர்பான புகார்களை இவை விசாரிக்கின்றன. இதற்குக் கட்டணம் கிடையாது, வழக்குரைஞரும் தேவையில்லை. நிறுவனம் கோரிக்கையை நிராகரித்த ஓராண்டுக்குள் புகார் அளிக்கப்பட வேண்டும். குறைதீர்ப்பாளர் வழங்கும் தீர்ப்பு காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

நுகர்வோர் ஆணையத்தை அணுக இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ஆனால், நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ ஏற்கெனவே தொடரப்பட்ட விவகாரத்தைக் குறைதீர்ப்பாளர் விசாரிக்க மாட்டார் என்பதால், எந்த வழியை முதலில் நாடுவது என்பதைச் சிந்தித்து முடிவு செய்ய வேண்டும்.

முடிவாக

தாங்க இயலாத இழப்புக்குக் காப்பீடு எடுப்பதும், தாங்கக்கூடிய இழப்பைக் கையிருப்பிலிருந்து சமாளிப்பதும் குடும்ப நிதியின் எளிய விதி. இந்த அளவுகோலின்படி, வெளிநாட்டுச் சுற்றுலா செல்லும் குடும்பத்துக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு பயனுள்ளதே. குறிப்பாக முதியவர்களும் குழந்தைகளும் உடன் செல்லும்போது, அதனைத் தவிர்ப்பது உகந்ததல்ல. பை, தாமதம் போன்றவற்றுக்கான பாதுகாப்பு அவரவர் விருப்பத்தைப் பொருத்தது.

பாலிசியை வாங்குவதற்கு முன், பாட்டியுடன் அமர்ந்து அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் ஒவ்வொன்றையும் கேட்டுப் படிவத்தில் எழுதுவதற்குக் கால் மணி நேரம் போதும். 12 ஆண்டுகள் வழக்காட நேர்ந்த அந்தப் பயணிக்கு இறுதியில் நீதி கிடைத்ததற்கு, நீரிழிவு இருப்பதை அவர் புறப்படும் முன்பே எழுதிக்கொடுத்திருந்ததும் ஒரு முக்கியக் காரணம்.